பெருங்குப்பை வாரத்து மேசை

ஆகஸ்ட் 7, திங்கள்

ஆபீஸை மூடுகிறார்கள். மதியம் கெய்லி எங்கள் எல்லோரையும் காபி மெஷின் பக்கத்தில் நிற்க வைத்துச் சொன்னாள். இந்த மாடியின் குத்தகை செப்டம்பரோடு முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை, அக்டோபர் இரண்டாம் தேதியிலிருந்து வீட்டிலிருந்தே வேலை. கெய்லிக்கு என் மகள் வயது, எனக்கு மேலதிகாரி. கெட்ட செய்தியைப் பிறந்தநாள் வாழ்த்து போலச் சொல்ல எங்கேயோ பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டிலிருந்து வேலை என்பதும் எல்லோருக்கும் இல்லை. கதவு மூடக்கூடிய அறை, சரியான உயரத்தில் மேசை. இரண்டையும் படம் எடுத்து செப்டம்பர் பதினைந்துக்குள் அனுப்ப வேண்டும். வாடிக்கையாளர் சொல்வது வீட்டில் வேறு யார் காதிலும் விழக்கூடாதாம். வசதி இல்லாதவர்களைக் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். இன்சூரன்ஸ் போனில் உட்கார்ந்து உட்கார்ந்தே எனக்கு ஐம்பத்தேழு வயதாகிவிட்டது. இனிமேல் என்னை எவன் வேலைக்கு எடுப்பான்?

கதவு மூடக்கூடிய அறை எங்கள் வீட்டில் இரண்டு. ஒன்றில் நானும் என் கணவன் நெவும் தூங்குகிறோம். இன்னொன்றில் டாரில் தூங்குகிறான்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் பின்னால் நானே நம்பமாட்டேன். நெவின் தம்பி டாரில் ஜனவரியில், இந்த ஊர்க் கோடையின் நாற்பது டிகிரி வெயிலில், ஒரு பையோடு வந்து வாசலில் நின்றான். “ரெண்டே வாரம், ரோன். மெரில் கொஞ்சம் தனியா மூச்சு விடணுமாம்” என்றான். இப்போது குளிர்காலமே முடியப்போகிறது. அவன் மனைவி மெரில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள்.

பிரெட் வேன் ஓட்டுகிறான். விடியுமுன் கிளம்பிக் காலையில் திரும்பி, எங்கள் மகள் ஜோவின் பழைய அறையில் திரையை இழுத்துவிட்டு சாயங்காலம் வரை தூங்குகிறான். அதாவது, நான் போனில் பேசவேண்டிய நேரம் முழுவதும். கெட்டவன் என்றால் சுலபமாக இருந்திருக்கும். பாத்திரம் கழுவுகிறான். கழுவும்போது பாடுகிறான். விற்காத பிரெட்டையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவருகிறான். இந்த வருடம் நான் செய்த பிரெட் புட்டிங்கை அடுக்கினால் சுவர் எழுப்பலாம்.

நெவிடம் சொன்னேன், உன் தம்பி, நீதான் பேச வேண்டும் என்று. “சொல்றேன்” என்றான். சொல்லிவிட்டு காருக்குக் காற்று இருக்கிறதா என்று பார்க்க வெளியே போய்விட்டான்.

ஆகஸ்ட் 10, வியாழன்

நெவ் சொல்லவில்லை. காரின் நான்கு டயரிலும் காற்று நன்றாக இருக்கிறது.

ஆகஸ்ட் 12, சனி

இன்று நெவ் ஒரு புதுச் சட்டம் கண்டுபிடித்தான். “மொதல்ல மேசை. மேசை இருந்தாத்தானே அதுக்கு ரூம் வேணும்” என்றான். கடையில் பார்த்த மேசையைத் தட்டிப் பார்த்துவிட்டு, அமுக்கிய மரத்தூள், ஒரு கப் டீ கொட்டினால் ஊறிப்போகும் என்று என்னை வெளியே இழுத்துவந்துவிட்டான். காரணம் எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் பெருங்குப்பை வாரம் ஆரம்பித்துவிட்டது.

தெரு முழுக்க வீட்டு வாசல் புல்லில் சோபாக்கள், மெத்தைகள், கால் ஒடிந்த நாற்காலிகள். கவுன்சில் குப்பை லாரி வருமுன் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முறை என்று ஒன்று உண்டு. கதவைத் தட்டிக் கேட்கக்கூடாது. மிச்சத்தைக் கலைத்துப் போடக்கூடாது. எங்கிருந்து எடுத்தாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. டிராம் பணிமனையில் முப்பது வருடம் பிரேக் பழுதுபார்த்து முதுகு போய் ஓய்வு பெற்ற மனுஷன், டிரெய்லரைக் காரில் மாட்டும்போது பள்ளிச் சுற்றுலாவுக்குக் கிளம்புகிற பையனாகிவிட்டான்.

ஒரு கதவோடு வந்தான். யாரோ பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள் போலிருக்கிறது, கனமான, நல்ல மரக் கதவு. கேரேஜில் இரண்டு பெட்டிமேல் அதைப் படுக்கவைத்து, “உன் மேசையோட மேல்பலகை” என்று காட்டினான். கைப்பிடி இருந்த இடத்தில் ஓட்டை. “வயரெல்லாம் அது வழியா கீழ போகும்.” என்னவோ அந்த ஓட்டையைத் தானே யோசித்துச் செய்தவன் மாதிரி ஒரு பெருமை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

வலது பக்கத்துக் காலுக்குப் பழைய தையல் மெஷினின் இரும்புச் சட்டம் கிடைத்தது. இடது பக்கத்துக்கு, தற்காலிகமாக, என் பெயின்ட் டின்கள். கதவை மேலே வைத்து ரசமட்டத்தை வைத்தான். குமிழி ஒரே ஓட்டமாக ஒரு மூலைக்குப் போய் நின்றது. என் டீயும் அதே பக்கம் போனது. இரும்பு என்றால் நெவ் சொன்னபடி கேட்கும். மரத்துக்கும் அவனுக்கும் என்ன பகையோ.

“லெஃப்ட்டுக்கு டிராயர் வச்சது ஏதாவது கெடைச்சா போதும்” என்றான்.

டாரில் காலையிலேயே புல்வெட்டும் இயந்திரத்தை வேனில் ஏற்றிக்கொண்டு மெரில் வீட்டுக்குப் போனான். மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிறு அங்கே போய்ப் புல் வெட்டிவிட்டு வருகிறான். கேட்டால், வீடு பாதி தன்னுடையதுதானே என்பான்.

ஆகஸ்ட் 16, புதன்

நெவை நம்பிப் பிரயோஜனம் இல்லை, நானே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். டாரில் சாயங்காலம் எழுந்து வந்து, டோஸ்டில் பீன்ஸ் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆபீஸ் விஷயத்தைச் சொன்னேன். அறை என்ற வார்த்தை வரை வந்துவிட்டேன்.

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “இன்னும் ரெண்டு வாரம்தான், ரோன். மெரில் எறங்கி வர்றா. ஞாயித்துக்கிழமை டீ போட்டுக் குடுத்தா, தெரியுமா?” என்றான். “பின்வாசல் படியிலதான். ஆனா அவளே கேட்டுப் போட்டா.”

ஒரு கப் டீயை இப்படிப் பத்திரமாக வைத்திருப்பவனிடம் என்ன சொல்வது? இன்னும் ஒரு டோஸ்ட் போடட்டுமா என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

ஆபீஸில் பாதிப் பேர் படம் அனுப்பிவிட்டார்கள். ஒருத்தி தன் மேசைக்குப் பின்னால் பூச்சாடியெல்லாம் வைத்திருக்கிறாள். என் மேசை மூன்று பெயின்ட் டின்மேல் நிற்கிறது.

ஆகஸ்ட் 24, வியாழன்

எங்கள் தெருவுக்கு லாரி வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டது. பெருங்குப்பை இந்த வாரம் வடக்கே நகர்ந்திருக்கிறது. நெவ் மத்தியானம் டிரெய்லரோடு அந்தப் பக்கம் போய், நல்ல மழையில் திரும்பினான். டிரெய்லர்மேல் தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் கயிறு கட்டியிருந்தது.

வழக்கமாக என்னைக் கூப்பிட்டுக் காட்டாமல் ஒரு ஆணியைக்கூட இறக்கமாட்டான். இன்று நேராக கேரேஜுக்குள் கொண்டுபோய்க் கதவை இழுத்து மூடிக்கொண்டான். என்ன கிடைத்தது என்று கேட்டேன். “டிராயர்.” அவ்வளவுதான். இரவுச் சாப்பாட்டிலும் பேச்சில்லை. முதுகு வலிக்கிறதோ?

ஆகஸ்ட் 26, சனி

முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலையிலிருந்து கேரேஜில் ரம்பச் சத்தம். டீ எடுத்துக்கொண்டு போனேன். மூன்று இழுப்பறை உள்ள ஒரு மரப்பெட்டி, மேசை உயரத்துக்கு வெட்டியது, நின்றுகொண்டிருந்தது. நெவ் அதற்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான், வாசல் கேட்டுக்கு அடித்ததில் மிஞ்சியது. நல்ல மரத்துக்குப் பெயின்ட் அடிப்பவனை ஜெயிலில் போட வேண்டும் என்று சொல்கிற ஆள் இவன். ஏன் என்று கேட்க வாயெடுத்தபோது ஜாம் பாட்டில் கண்ணில் பட்டது. உள்ளே இழுப்பறைக் குமிழ்கள். உருண்டையாக, கருப்பாக, சுற்றிலும் பித்தளை வளையம்.

தினமும் காலையில் பார்க்கிற குமிழ்கள். எங்கள் படுக்கையறையில் இருக்கிற நெவின் பீரோவுடையவை. ஒரு பக்கம் கோட்டு மாட்டவும் மறுபக்கம் நாலு இழுப்பறையுமாக இருக்கும் குட்டை மரப் பீரோ. பைத்தியக்காரன், தன் பீரோவையே அறுத்துவிட்டானே என்று வீட்டுக்குள் ஓடினேன். அறையில் அது அப்படியே நின்றது. நாலு இழுப்பறை, நாலு குமிழ்.

அப்போதுதான் உறைத்தது. இது ஜோடி. என் மாமியார், தன் இரண்டு பிள்ளைகளும் வேலைக்குப் போக ஆரம்பித்தபோது, ஒரே கடையில் ஒரே மாதிரி இரண்டு வாங்கிக் கொடுத்தது. ஒன்று நெவுக்கு. ஒன்று டாரிலுக்கு.

திரும்பி வந்து, “இது டாரிலோடது” என்றேன். நெவ் பிரஷ்ஷை நிறுத்தவில்லை.

“எங்க கெடைச்சுது?”

“புல்லுல.”

“எந்தப் புல்லுல, நெவ்?”

“மெரில் வீட்டுப் புல்லுல.”

அந்தப் பக்கம் போனதால் மெரிலின் தெருவழியே சும்மா ஓட்டிக்கொண்டு போனானாம். அவள் வாசலில் ஒரு பழைய மெத்தைக்கும் மின்விசிறிக்கும் நடுவில் இது நின்றுகொண்டிருந்ததாம். அடையாளம் தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் அறுத்தானாம், பச்சை அடித்தானாம். எங்கே எடுத்தாய் என்று யாரும் கேட்பதில்லை என்ற முறையைத் தன் சொந்தத் தம்பியிடமே பயன்படுத்தப் பார்த்திருக்கிறான். நன்றாகத் திட்டினேன். எல்லாம் முடிந்தபிறகு, “விட்டுட்டு வந்திருக்கணுமா?” என்று கேட்டான். ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

மெரிலுக்குப் போன் செய்தேன். கத்துவதற்குத் தயாராகத்தான் செய்தேன். ஒரு மனுஷனுடைய பொருளை அவனிடம் சொல்லாமல் தெருவில் வைப்பதா? அவள் என்னைப் பேசவிட்டாள். பிறகு சொன்னாள்:

“எடுத்துட்டுப் போன்னு மார்ச்லயே சொன்னேன், ரோண்டா. அப்புறமும் சொல்லிட்டேதான் இருந்தேன். வேணாம், அங்கயே இருக்கட்டும்னான். அது உள்ள இருக்கற வரைக்கும் தானும் உள்ளதான் இருக்கறதா அவன் நெனப்பு. எத்தனை நாள் நான் அதைச் சுத்திச் சுத்தி நடக்கறது?”

வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. யாரும் இல்லை, தனியாக நன்றாக இருக்கிறேன், அதுதான் விஷயம் என்றாள். கோபமே இல்லை அவள் குரலில். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“அப்ப அந்த டீ?”

“என் வீட்டுப் புல்லை வெட்டறவருக்கு டீ குடுக்காம எப்படி அனுப்பறது?”

போனை வைத்துவிட்டுச் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். டாரில் எழுந்து வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, கேரேஜில் என்ன பெயின்ட் வாசனை என்று கேட்டான். என் மேசை என்றேன். “நல்லது” என்றான்.

ஆகஸ்ட் 31, வியாழன்

நெவ் தானே அவனிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னான். “சொல்றேன்” என்றுதான் சொன்னான்.

செப்டம்பர் 3, ஞாயிறு

இங்கே இன்று தந்தையர் தினம். ஜோ பெர்த்திலிருந்து அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினாள். நெவ் பேசி முடித்ததும் அதே சந்தோஷத்தில் கேரேஜுக்குப் போனான், நானும் போனேன். மேல்பலகையை நான் பிடித்துக்கொள்ள அவன் இடது பக்கத்தில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தான். இன்று டாரிலின் புல்வெட்டும் ஞாயிறு என்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டோம்.

பெட்ரோல் கேனை எடுக்க உள்ளே வந்தான். மேசையைப் பார்த்தான். பச்சை அவனை ஏமாற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன். புதுக் குமிழ்கூடப் போட்டிருந்தான் நெவ். “பரவாயில்லையே, ஆபீஸ் மாதிரியே இருக்கு” என்று சிரித்துக்கொண்டே இரண்டாவது இழுப்பறையை இழுத்தான். அது சிக்கியது. யோசிக்காமல், இடது மூலையை லேசாகத் தூக்கி இழுத்தான். சறுக்கிக்கொண்டு வந்தது.

கை இழுப்பறைக்குள்ளேயே நின்றுவிட்டது. முப்பத்தைந்து வருடம் காலையில் எழுந்ததும் சாக்ஸ் எடுக்க இப்படித்தான் தூக்கி இழுத்திருப்பான்.

“வெளிய வச்சிட்டாளா?” என்றான், எங்களைப் பார்க்காமல்.

நான் நெவைப் பார்த்தேன். ஏதாவது சொல்லேன் மனுஷா, இப்போதாவது ஏதாவது சொல்லேன்.

“மழை வர்ற மாதிரி இருந்துச்சு” என்றான் நெவ்.

டாரில் தலையாட்டினான். இழுப்பறையை உள்ளே தள்ளினான், அதற்கும் இடது மூலையைத் தூக்கினான். பிறகு பெட்ரோல் கேனை எடுத்துக்கொண்டு, இயந்திரத்தை வேனில் ஏற்றிக்கொண்டு, புல் வெட்டப் போய்விட்டான்.

எப்போதும் வருவதைவிடச் சீக்கிரம் வந்துவிட்டான். கால்சட்டையெல்லாம் புல். சமையலறை வாசலில் நின்று, “ரோன், டீ இருக்கா?” என்றான். பெரிய கோப்பையில் போட்டுக் கொடுத்தேன்.

செப்டம்பர் 4, திங்கள்

இப்ப எப்படிக் கேக்கறது? பொண்டாட்டி வெளியே வச்சதை எடுத்து நாங்க மேசை பண்ணிட்டோம், இப்ப நீயும் கெளம்புன்னு சொல்லணுமா? கேட்டா நான் ஒரு மனுஷியா? எல்லாம் இந்த நெவ் ஜனவரியிலேயே பேசியிருந்தா — இல்லை, நான் பேசியிருந்தால்? நான்தானே டோஸ்ட் போட்டேன்.

மேசையை ஹாலில் போட்டுக்கொள்கிறேன் என்று நெவிடம் சொன்னேன். கெய்லியைக் கேட்டேன். ஹாலுக்குக் கதவு உண்டா என்றாள். இல்லை, சமையலறையோடு சேர்ந்தது என்றேன். மிகவும் இனிமையாக முடியாது என்றாள்.

செப்டம்பர் 6, புதன்

டாரில் பாத்திரம் கழுவினான். பாடவில்லை.

செப்டம்பர் 8, வெள்ளி

படம் அனுப்ப இன்னும் ஒரு வாரம். கெய்லி ஞாபகப்படுத்திவிட்டாள். வேலை போனால் போகட்டும் என்று நேற்று குளிக்கும்போது தைரியமாக நினைத்தேன். துடைத்துக்கொள்ளும்போது அந்தத் தைரியம் இல்லை. எனக்கு இந்த வேலை பிடிக்கும். ஆலங்கட்டி மழையில் கூரை ஓட்டையானவர்களும் கங்காரு மோதிக் கார் நசுங்கியவர்களும் அழுதுகொண்டே கூப்பிடுவார்கள். நான் பேசப் பேச அவர்கள் குரல் மெல்ல இறங்கி வரும். அது எனக்கு நன்றாக வரும். வேறு எதுவும் அவ்வளவு நன்றாக எனக்கு வராது.

செப்டம்பர் 9, சனி

கடைக்குப் போய்விட்டு வந்தால் கேரேஜில் ரேடியோவில் ஃபுட்டி மேட்ச் கத்திக்கொண்டிருக்கிறது, காற்றில் பச்சைத் தூள் பறக்கிறது. டாரில் மண்டியிட்டு உட்கார்ந்து உப்புத்தாளால் பெயின்ட்டைத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தான். மறுபக்கம் நெவும் தேய்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் புருவம் பச்சை.

“யாரு ரோன் இந்தக் கலரை அடிக்கச் சொன்னது? மரத்தைப் பாத்தா பாவமா இல்ல?”

“உன் அண்ணன்தான்.”

“இவன் டிராமுக்கு அடிச்சுப் பழகினவன்.”

நெவ் வாயைத் திறக்காமல் சிரித்தான். ஜாம் பாட்டிலிலிருந்த பழைய குமிழ்கள் கழுவித் துணிமேல் வைத்திருந்தன. நான் பைகளைக் கீழே வைத்துவிட்டு ஒரு உப்புத்தாள் எடுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து டாரில், தாளைப் பார்த்தபடியே, “அந்த ரூம்ல ப்ளக் பாயின்ட் ஜன்னல் பக்கம் இருக்கு. மேசையை அங்கதான் போடணும். வெளிச்சமும் வரும்” என்றான். பேக்கரியில் தன்னோடு வேலை செய்கிறவனின் வீட்டுக்குப் பின்னால் தனி அறை காலியாம், சமையல்மேடையும் குளியலறையும் சேர்த்து. புதன்கிழமை ஜோவின் அறையைக் காலி செய்துவிடுவானாம். அதற்குள் அங்கே வெள்ளையடித்து முடிக்காவிட்டால் இரண்டு நாள் எங்கள் சோபாவில் படுத்துக்கொள்வானாம். நான் எதுவும் கேட்கவில்லை. அவனே தூள் பறக்க ஊதிக்கொண்டே சொல்லி முடித்தான்.

இருந்துவிடு என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பொய், அது அவனுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் சொல்ல வாய் வந்தது உண்மை.

செப்டம்பர் 13, புதன்

கட்டிலை வெளியே எடுத்தோம், மேசையை உள்ளே கொண்டுபோனோம். கதவு, இழுப்பறை, தையல் மெஷின் கால் என்று மூன்றாகப் பிரித்துக் கொண்டுபோய் மறுபடி மாட்டினார்கள். கேரேஜில் மட்டமாக நின்ற மேசை இங்கே சாய்கிறது. இந்த வீட்டின் தரை எப்போதுமே சாய்வு, உருண்டை எதையும் கீழே போட்டால் தோட்டத்துப் பக்கம்தான் போகும். டாரில் பீரோவில் அறுத்து மிஞ்சிய மரத்தை வில்லையாகச் சீவி இரும்புக் காலுக்கு அடியில் வைத்தான். ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வந்தது. மூன்று பேரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வார்னிஷ் அடித்த மரம், பித்தளை வளையம் வைத்த கருப்புக் குமிழ்கள். அழகாகத்தான் இருக்கிறது. அழகாக இருப்பதே கொஞ்சம் உறுத்துகிறது.

செப்டம்பர் 14, வியாழன்

படம் அனுப்பினேன். மத்தியானமே பதில் வந்தது. சரி என்றுவிட்டார்கள். ஆபீஸில் கெய்லி என் நாற்காலிப் பக்கம் வந்து, “ரோண்டா, அந்த மேசை எங்க வாங்கினீங்க?” என்று கேட்டாள். புல்லில் என்றேன். அதிர்ஷ்டசாலி என்றாள். மேற்கொண்டு கேட்கவில்லை. முறை தெரிந்த பெண்தான்.

கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நிம்மதியில்தான். பெரும்பாலும் நிம்மதியில்.

செப்டம்பர் 16, சனி

டாரில் கிளம்பிவிட்டான். மூன்று நாளாக சோபாவில் காலை மடக்கிப் படுத்து இன்று நொண்டிக்கொண்டே கிளம்பினான். கொண்டுவந்த அதே பை, கூட ஒரு கெட்டில், நான் கொடுத்த போர்வைகள்.

அவன் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது நெவைக் காணோம். எங்கள் அறைக்குள் போய்ப் பார்த்தால் கட்டில்மேல் அவன் சட்டை, ஸ்வெட்டர், உள்ளாடை, சாக்ஸ் எல்லாம் குவிந்து கிடக்கிறது. பீரோவின் நாலு இழுப்பறையும் காலி. கடைசி கோட்டைக் கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தைப் பிடி என்றான், பிடித்தேன்.

ஹாலில் டாரில் எதிரே வந்தான். தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்து நின்றான்.

“நெவ், இது உன்னோடது.”

“ரெண்டும் ஒண்ணுதான்” என்றான் நெவ். “வழியை விடு, முதுகு போகுது.”

டாரில் ஓடிவந்து என் பக்கத்தை வாங்கிக்கொண்டான். அண்ணனும் தம்பியும் அதை டிரெய்லரில் ஏற்றித் தார்ப்பாய் போட்டார்கள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. நாலு பக்கமும் கயிறு கட்டினார்கள்.

அவர்கள் போனபிறகு நெவின் துணிகளை மடித்து இரண்டு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டேன். சாக்ஸுக்கு இடமில்லை.

செப்டம்பர் 30, சனி

ஃபுட்டி இறுதிப் போட்டி. டாரில் எங்கள் வீட்டில்தான் பார்த்தான். இறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்ட்ரி மூன்று பேருக்கு ஆறாக வாங்கியிருந்தேன், ஒன்றும் மிஞ்சவில்லை. எட்டு பாக்கெட் பிரெட் கொண்டுவந்தான். அதைப் பார்த்ததும் சந்தோஷப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

மெரில் வீட்டுப் புல்லை இப்போது யாரோ ஆள் வைத்து வெட்டுகிறாளாம். “நல்லாவே வெட்டறான்” என்றான். அந்தப் பக்கம் போய்ப் பார்த்திருக்கிறான் என்று தெரிந்தது. பாத்திரம் கழுவும்போது பாதிப் பாட்டு கேட்டது.

கிளம்பும்போது நெவிடம் ஒரு குறை சொன்னான். “உன் பீரோல எல்லா டிராயரும் ஒழுங்கா வருது. நான் பழக்கத்துல தூக்கித் தூக்கி இழுத்து தெனமும் விரலை நசுக்கிக்கறேன்.”

அக்டோபர் 5, வியாழன்

வீட்டு வேலையில் நாலாவது நாள். ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, டாரில் சொன்னது சரி. கதவின் ஓட்டை வழியாக வயரெல்லாம் ஒழுங்காகக் கீழே போகிறது. மேல் இழுப்பறையில் பேனாக்கள், இரண்டாவதில் ஸ்டேப்ளர், நோட்டுகள்.

காலையில் ஒரு பெரியவர் கூப்பிட்டார். மரக்கிளை விழுந்து கேரேஜ் கூரை போய்விட்டது, குரல் உடைந்திருந்தது. அவரை மெல்ல மெல்லக் கீழே இறக்கிக்கொண்டிருந்தேன். அப்போது அறைக் கதவு திறந்தது. வெறுங்காலோடு, பூனை மாதிரி, நெவ். வாயில் விரலை வைத்துக்கொண்டு என் முழங்கால் பக்கம் வந்து குனிந்தான். இரண்டாவது இழுப்பறையை இழுத்தான், சிக்கியது. இடது மூலையை லேசாகத் தூக்கினான்.

என் நோட்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு ஜோடி சாக்ஸ் எடுத்தான். எப்போது கொண்டுவந்து வைத்தான் என்று எனக்குத் தெரியாது. இழுப்பறையை மூடுவதற்குமுன் அதன் விளிம்பை ஒருமுறை உள்ளங்கையால் தடவினான். பிறகு வந்த மாதிரியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

“பக்கத்துல யாராவது இருக்காங்களா?” என்று பெரியவர் கேட்டார்.

“யாருமில்ல, சொல்லுங்க” என்றேன்.

நாளைக்கு ஸ்டேப்ளரையும் நோட்டுகளையும் மூன்றாவது இழுப்பறைக்கு மாற்றிவிட வேண்டும்.